கேத்தல் வாங்கிய காடி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் அலுமினியக் கேத்தல் இருக்கிறது. கடையில் வாங்கியது இல்லை. நான்கு வருடம் தொடர்ந்து என் காடிக்கு, அதாவது என் பழைய காருக்கு, கிடைத்த பரிசு.

பழைய காடி வைத்திருக்கும் பதினேழு பேர் ஒரு கூட்டமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் காடிகளை வரிசையாக நிறுத்தி, எஞ்சின் மூடியான பொன்னட்டைத் திறந்து வைத்துவிட்டு, தே தாரிக் குடித்தபடி அடுத்தவன் எஞ்சினைக் குறை சொல்வதுதான் எங்கள் வேலை. வருடத்தில் ஒரு நாள், டுரியான் பழம் விழும் சமயத்தில், எல்லாக் காடியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீவைச் சுற்றி வரும். கடற்கரையோரமாகத் தெலுக் பாஹாங் போய், அங்கிருந்து மலை ஏறி இறங்கி, பாலிக் பூலாவில் லக்சா சாப்பிட்டுவிட்டு, பாயான் லெப்பாஸ் வழியாக வீடு திரும்ப வேண்டும்.

மலையில் எவன் காடி சூடேறி நிற்கிறதோ அவனுக்குக் கேத்தல். பின் பம்பரில் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, வீடு வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும். அடுத்த வருடம் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் தலைவர் அப்துல் ரசாக் பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "சுடுதண்ணி யாருகிட்ட ரெடியா இருக்கோ அவனுக்குத்தானே கேத்தல் வேணும்" என்பார்.

நான் கடலுக்கு அக்கரையில், பிறையில் இருக்கும் ஓர் அரிசி ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன். பக்கிரிசாமி என்று பெயர். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறினால், மாலையில் தோள்பட்டை இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துக்கொண்டு திரும்புவேன். ஆறு நாள் அப்படி. ஏழாவது நாள் காடிக்கு. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் எனக்கு வலி தெரியாது. மூட்டை தூக்கிய அதே கைதான், காடியைத் துடைக்கும்போது மட்டும் அதற்கு வேறு பலம் வந்துவிடும்.

காடி எண்பத்தொன்பதாம் வருடத்து வெள்ளை சாகா. கெப்பாலா பத்தாஸில் ஒரு வாத்தியாரிடம் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. வாங்கிய முதல் வருடம் தண்ணீர் குடித்த மாதிரி மலை ஏறியது. அப்போது பக்கத்தில் என் மனைவி ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மேலே போய் நின்றதும், "பரவால்ல, உங்கள விட நல்லா ஏறுது" என்றாள்.

அதற்கப்புறம் என்ன ஆனதோ, வருடத்துக்கு வருடம் சூடு ஏறிக்கொண்டே போனது. நான்கு வருடத்துக்கு முன்னால் பாலிக் பூலாவில் அவள் அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஜெகா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, எலுமிச்சை சாதமும் புளி சாதமும் டப்பா டப்பாவாக மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மலையில் மூன்றாவது வளைவில் காடி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் டுரியான் ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டார். வளைகாப்பு வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது பூ வாசமும் இல்லை, சாத வாசமும் இல்லை, டுரியான் நாற்றம்தான். பிள்ளைத்தாய்ச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

அன்று இரவு ஜெகா சத்தம் போடவில்லை. பூவை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "இந்தக் காடி அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் ஒரு தடவ நிக்காம ஏறட்டும். அன்னிக்கி உக்காருறேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கடைக்குப் போனால் பஸ். கோயிலுக்குப் போனால் கிராப் டாக்சி. தீவைச் சுற்றும் நாளில் மட்டும் வருவாள், ஆனால் ஹைதரின் பச்சை டாட்சனில். ஹைதர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி ஆசியா பீவியும் ஜெகாவும் பின் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார்கள். மூன்று வருடமாக நடப்பது இதுதான்: மூன்றாவது வளைவில் நான் பொன்னட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், பச்சை டாட்சன் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகும், பின் கண்ணாடியில் என் மனைவி எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு போவாள்.

காடியின் இடப்பக்க சீட்டை வாராவாரம் துடைத்து வைத்தேன். ஒருத்தரும் உட்காராத சீட் புதிதாகவே இருந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் மாற்றினேன். தண்ணீர்ப் பம்பு மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றி, கழுவி, அப்புறம் அதையே மாற்றினேன். ஜூருவில் பட்டறை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் என் காடிக்கு டாக்டர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் முன் கிரில்லைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். முடித்துவிட்டு, கிரில் இல்லாமலேயே ஒரு மணி நேரம் எஞ்சினை முறுக்கிப் பார்ப்பார். சூட்டு முள் பாதியைத் தாண்டாது.

"ஒரு கோளாறும் இல்ல பக்கிரி. உன் நகைப்பெட்டிய மாட்டிக்கிட்டுக் கெளம்பு" என்பார்.

நகைப்பெட்டி என்று அவர் சொன்னது கிரில்லைத்தான். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவைச் சுற்றி வந்தால் ஒவ்வொரு காடிக்கும் ஒரு பேட்ஜ் தருவார்கள், நின்றாலும் தருவார்கள். ஈப்போவில் இருந்தும் அலோர் ஸ்டாரில் இருந்தும் வேறு கூட்டத்தார் வந்தால் அவர்கள் பேட்ஜும் கிடைக்கும். மற்றவர்கள் அவற்றைப் பின் கண்ணாடியிலோ அலமாரியிலோ வைத்துக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் முன்னால் கிரில்லில் மாட்டினேன். எதிரே வருகிறவன் பார்க்க வேண்டாமா? பதினான்கு பேட்ஜ். பழைய கிரில் பிளாஸ்டிக் பாரம் தாங்காது என்று, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, கிரில்லுக்குப் பின்னால் வைத்து போல்ட் போட்டேன். ஆடாமல் அசையாமல் நின்றது. கீழே பம்பரில் இருந்த திறப்பில் சங்கத்தின் பெயர்ப் பலகை. வாராவாரம் பழைய பல் பிரஷ் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். காடிக்காரன் எவனும் அதைப் பாராட்டாமல் போனதில்லை.

இந்த வருடம் சுற்றுக்கு முந்தின நாள், ஜெகா கேத்தலைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இதத் திருப்பிக் குடுக்கணும்ல" என்றாள்.

"சாயங்காலம் திரும்பி வந்துரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் நான் வரலங்க. ஆசியா அக்கா ஒண்ணும் சொல்லல. இருந்தாலும் புருஷன் ரோட்டுல நிக்கிறப்ப அடுத்தவுங்க காடியில தொத்திக்கிட்டுப் போறது எனக்கே நல்லால்ல. மொதல் வருஷம் சிரிப்பா இருந்துச்சு."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. மூட்டை தூக்கிய உடம்புக்குத் தூக்கம் வராமல் போவது பெரிய விஷயம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதினேழு காடியும் கிளம்பி நின்றன. கேத்தலை ரசாக் பாயிடம் கொடுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்லா வெளக்கியிருக்கு. பக்கிரி வீட்டுக்குப் போனா கேத்தலுக்கே கல்யாணக் களை வந்துருது."

"இந்த வருசம் வேற எவனுக்காவது குடுங்க பாய். அதுக்கும் ஊர் பாக்க ஆசை இருக்கும்ல" என்றான் ஹைதர். ஜெகா டாட்சனின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடற்கரைச் சாலையில் முள் பாதியிலேயே இருந்தது. தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டும் வரைக்கும் பாதிதான். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏர்கோனை அணைத்துவிட்டு ஓட்டினேன். முதல் வளைவில் முள் மெல்ல நகர்ந்தது. இரண்டாவது வளைவில் முக்கால். "வேணாம்மா, வேணாம்மா" என்று காடியிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். மூன்றாவது வளைவில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரமாக ஒதுக்கினேன். வருடாவருடம் நிறுத்திய இடத்தில் புல்கூட முளைக்கவில்லை.

பொன்னட்டைத் திறந்தேன். புகை வந்தது. ஒவ்வொரு காடியாக ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒருவன் ஜன்னல் வழியாக, "அண்ணே, எனக்கு சீனி கம்மியா" என்று கத்திக்கொண்டு போனான். கடைசியாகப் பச்சை டாட்சன் வந்தது. நான் டாட்டாவுக்குக் கையைத் தூக்கிவிட்டேன், பழக்கம்.

டாட்சன் என்னைத் தாண்டிப் போய் ஓரமாக நின்றது. பின் கதவு திறந்தது. ஜெகா இறங்கி, கைப்பையை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்து வந்தாள். பின்னாலேயே ஹைதரும் வந்தான்.

"நீ எதுக்கு எறங்கின?" என்றேன்.

"டாட்டா காட்டிக் காட்டிக் கை வலிக்குது" என்றாள்.

ஹைதரும் நானும் வழக்கம்போலப் பொன்னட்டுக்குள் தலையை விட்டோம். "பெல்ட் நல்லாத்தான் இருக்கு." "குழாய்ல ஒழுக்கு இல்ல." எஞ்சினை அணைத்தும் ரேடியேட்டர் விசிறி இரைந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஜெகா எங்கள் பக்கம் வரவில்லை. காடியின் நேர் முன்னால் போய் நின்றாள். அவள் இருபத்தாறு வருடமாக பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டர். காடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பையில் இருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பேட்ஜுகளுக்கு முன்னால் பிடித்தாள். விட்டாள். அது நேராக ரோட்டில் விழுந்தது.

குனிந்து எடுத்து மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் விழுந்தது.

"என்ன தங்கச்சி, வேர்க்குதுன்னு காடிக்குத் தொடச்சு விடுறியா?" என்றான் ஹைதர்.

"இல்லண்ணே. இந்த விசிறி காத்த எந்தப் பக்கம் இழுக்கும்?"

"முன்னாடிருந்து உள்ள."

"அப்ப இந்தப் பேப்பர் ஒட்டிக்கணும்ல. எங்க லைன்ல இப்படித்தான் பாப்போம். காத்து இழுத்தா பேப்பர் ஒட்டிக்கும். இழுக்கலன்னா எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்." என்னைப் பார்த்தாள். "போன மாசம் எங்க மிஷினுக்குப் பரிசு குடுத்தாங்க. நல்லா ஓடுதுன்னு ஒரு சர்டிபிகேட். சூப்பர்வைசர் சந்தோஷத்துல அத மிஷின் மேலயே ஒட்டிட்டாரு, காத்துப் போற ஓட்டை மேல. அன்னிக்கி மத்தியானமே மிஷின் அலற ஆரம்பிச்சிருச்சு."

நானும் ஹைதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிஸ்கட் டின் எனக்குக் கண் முன்னால் வந்து நின்றது. மேலே பளபளவென்று மின்னும் பதினான்கு பேட்ஜ், பின்னால் ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் நான் போட்ட தகடு, கீழே பலகை. அலாவுதீன் பட்டறையில் மட்டும் ஏன் சூடாகவில்லை என்பதும், முதல் வருடம் ஏன் ஏறியது என்பதும், பேட்ஜ் ஏற ஏற ஏன் சூடு ஏறியது என்பதும், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் புரிந்தது.

ஹைதர் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது. "மூணு வருசமா பதினேழு ஆம்பள மேலேருந்து எட்டி எட்டிப் பாத்தோம்லா. முன்னால போயி ஒருத்தன் நிக்கல. நின்னவனும் பேட்ஜப் பாத்து, ஆகா, சூப்பர்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"நீயுந்தான் சொன்ன."

"நாந்தான் மொதல்ல சொன்னேன்."

ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து நான்கு ஸ்குரூவைக் கழற்றினேன். கிரில், தகடு, பேட்ஜ் எல்லாம் ஒரே பலகையாகக் கையோடு வந்தது. கீழே இருந்த பெயர்ப் பலகையையும் எடுத்தேன். காடி பல்லில்லாத கிழவனைப் போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஜெகா அதே டிஷ்யூவை நீட்டினாள். அது அவள் விரலில் இருந்து பறந்து போய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேப்பர் துடிப்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சூடு இறங்கக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றினேன். "மேல போயி வெயிட் பண்ணுங்க, வந்துர்றேன்" என்றேன் மெதுவாக. நின்றது நின்றதுதான். அவள் சொன்னது அடிவாரத்தில் இருந்து உச்சி வரைக்கும்.

ஜெகா இடப்பக்கக் கதவைத் திறந்தாள். "திருப்புங்க."

"எங்க?"

"கீழ. அணைக்கட்டுக்கு. அங்கருந்து திரும்ப ஏறணும்."

"அப்ப சொன்ன சொல்லு?"

"ஏறுறதுக்குத்தான் சொன்னேன். எறங்குறது கணக்குல இல்ல." சீட்டைத் தடவிப் பார்த்தாள். "இத யாரு இப்படித் தொடச்சு வச்சிருக்கா, ஆஸ்பத்திரி மாதிரி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். கிரில்லை வைக்க இடமில்லை. பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் போட்டால் கீறல் விழும். துண்டை விரித்து அவளே மடியில் வாங்கிக்கொண்டாள்.

ஹைதரும் டாட்சனைத் திருப்பினான். "சாட்சி வேணும்ல" என்றான்.

அணைக்கட்டு ஓரத்தில் திரும்பி நின்று, ஒரு மூச்சு விட்டுக் கிளம்பினேன். முதல் வளைவு வந்ததும் என் கண் தானாக முள்ளுக்குப் போனது.

"ரோட்டப் பாருங்க. முள்ள நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"எவ்வளவு?"

"பாதி."

இரண்டாவது வளைவு. மடியில் பேட்ஜுகள் கிணுங் கிணுங் என்றன.

"இப்ப?"

"பாதி."

"நெசமா சொல்லு."

"பாதிக்கும் ஒரு மயிரிழை கீழ. போதுமா?"

மூன்றாவது வளைவு. நான் நின்று நின்று தேய்ந்த அந்த இடத்தைத் தாண்டினோம். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. இந்த மலையில் மேலே குளிரும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எமன் வந்தான். பழக்கடை ஒன்றில் இருந்து ஒரு லாரி ரிவர்ஸில் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. முழு ரோட்டையும் அடைத்துவிட்டது. அதிலும் டுரியான் லாரி.

நான் ஒன்றாம் கியருக்கு இறக்கினேன். ஆமை மாதிரி ஊர்ந்தேன். லாரிக்கும் எனக்கும் இருபது அடி. பதினைந்து. கிளச் நாறியது.

"நிக்காதீங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்க நிக்கிறேன்."

"சக்கரம் உருளுதா?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். "உருளுது."

"உருண்டா நிக்கலன்னு அர்த்தம்." அவளும் தன் பக்கம் தலையை நீட்டினாள். லாரிக்காரனைப் பார்த்து, நாங்கள் குடியிருக்கும் எட்டாவது மாடியில் இருந்து கீழே காய்கறிக்காரனைக் கூப்பிடும் அதே குரலில், "அண்ணே, நாலு வருஷ வேண்டுதல்ணே, கொஞ்சம் நகருங்க" என்றாள். லாரிக்காரர் மலாய்க்காரர். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் மடியில் காடியின் மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு பெண் கையைக் கையை ஆட்டியதைப் பார்த்ததும் ஸ்டேரிங்கை ஒடித்து ஒதுங்கிவிட்டார். ஓர் ஆள் புகும் இடைவெளியில் காடி புகுந்து போனது.

உச்சியில் மற்றவர்கள் செண்டோல் குடித்துக்கொண்டு நின்றார்கள். கிரில் இல்லாத காடி வருவதைக் கண்டு முதலில் சிரித்தார்கள். அப்புறம் இடப்பக்க சீட்டைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ரசாக் பாய்தான் முதலில் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஒருவன் ஹாரன் அடித்தான், பிறகு பதினேழு காடியும் அடித்தன. நான் எஞ்சினை அணைக்கவில்லை. முள் பாதியில் இருந்தது. எனக்குக் கண் கரித்தது, கிளச் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதர் நடந்ததை எல்லாம் டிஷ்யூ பேப்பரோடு நடித்துக் காட்டினான். அலாவுதீனுக்குப் போன் போட்டும் சொன்னான். அவர், "நகைப்பெட்டின்னு நாலு வருசமா நானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாராம்.

ரசாக் பாய் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தை இறுக்கி வைத்திருந்தார். "பக்கிரி, சந்தோசம் வேற, சட்டம் வேற. ரெண்டாவது தடவ ஏறிட்ட, ஒத்துக்கிறேன். மொத தடவ நின்னுட்டல்ல. இந்த வருசம் வேற யாரும் நிக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெகா கையை நீட்டினாள். "குடுங்க பாய். காலையில சட்டியில டீ போட்டேன், வாயில வைக்க முடியல."

கேத்தலைக் கட்டினோம். அடுத்து பாய் இந்த வருடத்துப் பேட்ஜை எடுத்தார். நீலமும் மஞ்சளுமாக, நடுவில் பாலம் போட்டு, இதுவரை வந்ததிலேயே அழகானது அதுதான். நான் கையை நீட்டினேன். அதற்குள் அவள் வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

பாலிக் பூலாவுக்கு இறங்கினோம். பின்னால் கேத்தல் தடதடவென்று அடித்துக்கொண்டது, மடியில் பேட்ஜுகள் கிணுகிணுத்தன. லக்சா வாசம் வரும் தூரத்துக்கு வந்துவிட்டோம்.

"இந்தக் காடியில ரேடியோ இல்லியா?" என்றாள்.

"இருக்கு. மாட்டி நாலு வருஷம் ஆச்சு."

"பாடுமா?"

"தெரியல. போட்டுப் பாத்ததில்ல."

அவள் கிரில்லை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டனைத் திருகினாள்.